மலைக்கு வந்த கேமராக்கள்: லெட்சர் கவுண்டியும் அமெரிக்கத் தொலைக்காட்சியும்

2002 ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி ஒரு ரியாலிட்டி நிகழ்ச்சிக்குக் குடும்பம் தேட ஆரம்பித்தது. அப்பலாச்சிய மலைப்பகுதியிலோ அதைப் போன்ற வேறொரு கிராமப்புறத்திலோ வசிக்கும் வசதியில்லாத குடும்பமாக இருக்க வேண்டும். தாத்தா பாட்டி, பெற்றோர், பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையும் இருந்தால் நல்லது. அவர்களைக் கலிஃபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸுக்கு அழைத்துப் போய் ஒரு மாளிகையில் குடிவைப்பார்கள். செலவுக்குப் பணமும் வேலைக்கு ஆட்களும் கொடுப்பார்கள். பிறகு அந்தக் குடும்பம் எப்படித் திண்டாடுகிறது என்பதை நாடு உட்கார்ந்து பார்க்கும்.

கதை பழையதுதான். இதே சிபிஎஸ்ஸில் 1962 முதல் 1971 வரை ஓடிய ‘தி பெவர்லி ஹில்பில்லீஸ்’ என்ற நகைச்சுவைத் தொடரின் கதை அது. மலைநாட்டு ஏழை வெள்ளையரைக் கேலியாக ஹில்பில்லி என்பார்கள். பழைய தொடரில் நடிகர்கள் அந்த வேடம் போட்டார்கள். புதிய நிகழ்ச்சியில் நிஜ மனிதர்கள். அதனால் பெயரும் ‘தி ரியல் பெவர்லி ஹில்பில்லீஸ்’.

அது கடைசிவரை திரைக்கு வரவில்லை. அதை நிறுத்தியதில் பெரும்பங்கு கென்டக்கி மாநிலத்தின் கிழக்கு மூலையில் இருக்கும் வைட்ஸ்பர்க் என்ற சிற்றூருக்கு உண்டு. லெட்சர் கவுண்டியின் தலைமையிடம் அது. கவுண்டி என்பது மாவட்டம் மாதிரி ஒரு நிர்வாகப் பிரிவுதான். ஆனால் 2000-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் லெட்சர் கவுண்டி முழுவதிலும் சேர்த்தே சுமார் 25,000 பேர்தான் இருந்தார்கள்.

இத்தனை சின்ன இடத்துக்கு அத்தனை பெரிய நிறுவனத்தை மறிக்கும் தெம்பு எங்கிருந்து வந்தது? 1960-களின் தொடக்கத்திலிருந்தே அந்த மலைகளுக்குக் கேமராக்கள் வந்துகொண்டிருந்தன. அதே காலத்தில் தொலைக்காட்சியில் மலைநாட்டுக் கேலியும் ஓடிக்கொண்டிருந்தது. சிரிக்க வைக்க ஒரு ரகம், பரிதாபப்பட வைக்க இன்னொரு ரகம். நாற்பது வருடம் இரண்டையும் அனுபவித்தவர்களுக்கு இரண்டிலும் பொதுவாக இருந்த ஒன்று பிடிபட்டுவிட்டது. படத்தில் இருப்பது தாங்கள். படம் எடுப்பவர் மனதில் இருக்கும் பார்வையாளர் வேறு யாரோ. கிராமத்தைத் தொலைக்காட்சி கேலி செய்கிறதா, போற்றுகிறதா என்றுதான் பொதுவாகக் கேட்கிறோம். யாருக்காகக் காட்டுகிறது என்ற கேள்வி அதைவிட அடிப்படையானது என்று நினைக்கிறேன். லெட்சர் கவுண்டியின் கதையை நான் இங்கே எடுத்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

ஸ்டுடியோவில் கட்டிய ஊர்கள்

1960-களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் கிராமம் நன்றாக விற்றது. ‘தி பெவர்லி ஹில்பில்லீஸ்’ தன் முதல் இரண்டு பருவங்களிலும் நாட்டின் முதலிடத்தைப் பிடித்தது. அதை உருவாக்கிய பால் ஹென்னிங் தொடர்ந்து ‘பெட்டிகோட் ஜங்ஷன்’ என்ற சிற்றூர்த் தொடரையும் கொண்டுவந்தார். பட்டணத்து வக்கீல் ஒருவர் விவசாயம் செய்யக் கிராமத்துக்கு வரும் ‘கிரீன் ஏக்கர்ஸ்’ 1965-ல் வந்தது. இவற்றுக்கெல்லாம் முன்பே, 1960 அக்டோபரில் தொடங்கியது ‘தி ஆண்டி கிரிஃபித் ஷோ’. வட கரோலினா மாநிலத்தில் மேபெரி என்ற கற்பனை ஊர், துப்பாக்கி தூக்காத ஷெரிஃப், தாயில்லாத அவர் மகன். 1968-ல் முடிந்தபோது அது முதலிடத்தில் இருந்தபடியே முடிந்தது.

அந்தத் தொடரின் தொடக்கக் காட்சி ஒரு தலைமுறை அமெரிக்கர்களுக்கு மனப்பாடம். அப்பாவும் பிள்ளையும் தூண்டில் கம்பைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்கரை மண்பாதையில் நடந்து வருவார்கள். பின்னணியில் சீழ்க்கை ஒலி. பையன் ஒரு கல்லை எடுத்துத் தண்ணீரில் எறிவான். அதைவிட அழகான கிராமத்து மாலையை யாரும் கேட்க முடியாது. அந்த ஏரி இருப்பது லாஸ் ஏஞ்சலஸில், பெவர்லி ஹில்ஸை ஒட்டிய ஃபிராங்க்ளின் கேன்யன் பகுதியில். மேபெரியின் கடைவீதி கல்வர் சிட்டியில் ஸ்டுடியோவுக்குச் சொந்தமான திறந்தவெளியில் கட்டிவைத்த செட். வட கரோலினாவின் மண் ஒரு பிடிகூட அதில் இல்லை.

செட் போட்டு எடுப்பது தொழில் வழக்கம். அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. செட்டுக்குள் எதை விட்டார்கள், எதை விடவில்லை என்பதுதான் விஷயம். 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர்கள் வெள்ளையருக்கு மட்டும் என்று ஒதுக்கிய சாப்பாட்டுக் கவுன்டரில் போய் உட்கார்ந்தார்கள். அந்த உள்ளிருப்புப் போராட்டம் தென் மாநிலங்கள் முழுக்கப் பரவியது. எட்டு மாதம் கழித்து அதே மாநிலத்தில் நடப்பதாகத் தொடங்கிய தொடர் 249 அத்தியாயங்கள் ஓடியது. அவ்வளவிலும் வசனம் பேசும் முக்கியமான கறுப்பினப் பாத்திரம் ஒரே ஒரு அத்தியாயத்தில், 1967-ல்தான் வருகிறது. மேபெரியை நேசிப்பவர்கள் இன்றும் ஏராளம். அதன் மென்மையை நானும் மதிக்கிறேன். ஆனால் அந்த மென்மைக்கு இடம் ஒதுக்குவதற்காக, ஒரு தென் மாநிலச் சிற்றூரின் ஆகப் பெரிய சண்டையை வெளியே நிறுத்திவிட்டார்கள். தொடரை வாங்கிய விளம்பரதாரருக்கும் சோபாவில் உட்கார்ந்து பார்த்தவருக்கும் அந்தச் சண்டை அந்த அரைமணி நேரத்தில் தேவைப்படவில்லை.

பெவர்லி ஹில்பில்லீஸ் விஷயத்தில் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். அதில் பல நேரம் ஏமாறுவது பட்டணத்து வங்கிக்காரர்தான். மலையிலிருந்து வந்த கிளாம்பெட் குடும்பத்தின் தலைவர் ஜெட் நேர்மையானவர், பணத்துக்கு மயங்காதவர். ஆகவே அது கிராமத்தை இழிவு செய்த தொடர் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. ஆனாலும் நகைச்சுவையின் அச்சு ஒன்றுதான்: இவர்களுக்கு எதுவும் தெரியாது. நீச்சல் குளத்தை அவர்கள் வேறு பெயர் சொல்லி அழைப்பார்கள், பில்லியர்ட்ஸ் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கதையில் அவர்கள் வென்றாலும் சிரிப்பு வந்தது அவர்களுடைய அறியாமையிலிருந்துதான்.

திண்ணையில் நின்ற கேமரா

இந்தத் தொடர்கள் ஓடிய அதே வருடங்களில் செய்திப் பிரிவின் கேமராக்களும் மலையேறின. நிலக்கரிச் சுரங்கங்களில் இயந்திரங்கள் வந்து ஆட்குறைப்பு நடந்த காலம் அது. கிழக்குக் கென்டக்கியின் நிலைமையைப் பற்றி வைட்ஸ்பர்க் வழக்கறிஞர் ஒருவர் 1963-ல் எழுதிய புத்தகம் நாட்டின் கவனத்தைத் திருப்பியது. 1964 ஏப்ரல் 24 அன்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் அதே கிழக்குக் கென்டக்கியின் மார்ட்டின் கவுண்டியில் உள்ள ஐனெஸுக்கு வந்தார். வேலையில்லாத ஒருவரின் வீட்டுத் திண்ணையில் குந்தியபடி அவர் பேசும் படம், அவருடைய அரசு அறிவித்த ‘வறுமை ஒழிப்புப் போர்’ என்ற திட்டத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அந்த வருடக் கடைசியில் சிபிஎஸ் செய்திப் பிரிவு ‘கிறிஸ்மஸ் இன் அப்பலாச்சியா’ என்ற நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. சார்ல்ஸ் குரால்ட் தொகுத்த அந்த நிகழ்ச்சி லெட்சர் கவுண்டியில் எடுக்கப்பட்டது. பார்த்தவர்கள் மனம் இளகி, நாடெங்கிலுமிருந்து துணியும் பொம்மையும் உணவும் அனுப்பினார்கள்.

உதவி வந்தது நல்லதுதானே என்று கேட்கலாம். குளிரில் இருந்த பிள்ளைக்குக் கோட் கிடைத்தது நல்லதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் கோட் அனுப்பியவருக்கு அந்த வறுமை எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்லவில்லை. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். முழு விவகாரத்தின் மையமே இதுதான்.

19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்கடுத்த சில வருடங்களிலும் நிலக்கரி ஏஜென்டுகள் இந்த மலைக் குடும்பங்களிடம் ஒருவகைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் கீறல் வைத்தார்கள். அந்தப் பத்திரம் நிலத்துக்கு அடியில் இருக்கும் கனிமத்தை ஏக்கருக்குச் சில்லறைக் காசுக்கு விற்றது. நிலத்தின் மேல்பகுதி குடும்பத்துக்கே சொந்தம், ஆனால் கனிமத்தை எடுக்கத் தேவையான எதையும் செய்துகொள்ளும் உரிமை வாங்கியவருக்கு. அப்போது சுரங்கம் என்றால் மலைக்குள் துளைத்துப் போவது. ஐம்பது அறுபது வருடம் கழித்து, மலையையே மேலிருந்து வெட்டி எடுக்கும் புல்டோசர்கள் வந்தன. தாத்தா போட்ட கையெழுத்தைக் காட்டிப் பேரனின் சோளக்கொல்லையையும் குடும்பக் கல்லறையையும் பெயர்த்தார்கள். கென்டக்கி நீதிமன்றங்கள் அதைச் செல்லும் என்றன.

இதற்கு மக்கள் சும்மாவும் இருக்கவில்லை. 1965 நவம்பரில் பக்கத்து நாட் கவுண்டியில் ஆலி கோம்ஸ் என்ற 61 வயது விதவை தன் நிலத்தில் இறங்கிய புல்டோசரின் முன்னால் உட்கார்ந்துகொண்டார். காவலர்கள் அவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிப்போகும் படம் பத்திரிகைகளில் வந்தது. அடுத்த வருடமே மாநிலத்தில் திறந்தவெளிச் சுரங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஆனாலும் அந்தப் பழைய பத்திரங்களின் பிடி தளர 1988 ஆனது. அந்த ஆண்டு மாநில அரசியலமைப்புத் திருத்தம் ஒன்றை வாக்குக்கு விட்டபோது 80 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஆதரித்தார்கள்.

இனி அந்தத் திண்ணைகளை யோசித்துப் பாருங்கள். திண்ணை சாலையிலிருந்தே தெரியும். வெளிச்சம் நன்றாக விழும். ஒரு கிழவர், ஒரு குழந்தை, ஒரு நாய், பின்னால் உரிந்துபோன பலகைச் சுவர் எல்லாம் ஒரே சட்டத்துக்குள் அடங்கும். பத்திரங்கள் இருப்பது கவுண்டி நீதிமன்றக் கட்டடத்தில், தடித்தடியான பதிவேடுகளில். யார் வேண்டுமானாலும் போய்ப் புரட்டலாம். ஆனால் அதைப் படம்பிடித்தால் ஒரு மேசையும் புத்தகமும்தான் தெரியும். அந்த நிலத்தடிச் சொத்தின் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் வேறு மாநில நகரங்களில் இருந்தார்கள். வறுமை லெட்சர் கவுண்டியின் திண்ணையில் தெரிந்தது. அதற்கான கணக்கு வேறெங்கோ இருந்தது. கேமரா திண்ணையோடு திரும்பிப் போனதால், பார்த்தவர்கள் அந்த மனிதர்களையே காரணமாகவும் எடுத்துக்கொண்டார்கள்: படிக்காதவர்கள், பழமையில் ஊறியவர்கள், முன்னேறத் தெரியாதவர்கள்.

இவ்வளவுக்கும் அந்த ஊர் வாயில்லாப் பூச்சிகளின் ஊராக இருந்ததில்லை. வைட்ஸ்பர்க்கில் ‘தி மவுண்டன் ஈகிள்’ என்று ஒரு வாரப் பத்திரிகை உண்டு. டாம் கிஷ், பாட் கிஷ் தம்பதி 1950-களின் நடுவில் அதை வாங்கி நடத்தினார்கள். “அது அலறும்” என்பதுதான் பத்திரிகையின் முகப்பு வாசகம். சுரங்க முதலாளிகளையும் கவுண்டி அதிகாரிகளையும் பள்ளி நிர்வாகத்தையும் விடாமல் கேள்வி கேட்டது. 1974-ல் அதன் அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். பத்திரிகை நிற்கவில்லை. வெளியிலிருந்து வந்த எத்தனையோ செய்தியாளர்கள் அந்தத் தம்பதியிடம் தகவல் கேட்டுப் போனார்கள். ஆனால் நாட்டுக்குக் காட்டிய படத்தில் அந்த ஊர்க்காரர் ஒருவரே அலறும் பத்திரிகை நடத்துகிறார் என்பது தெரியாது.

1967 செப்டம்பர்

ஹியூ ஓ'கானர் கனடாவின் தேசியத் திரைப்பட வாரியத்தைச் சேர்ந்தவர். மான்ட்ரியால் உலகக் கண்காட்சியில் பல திரைகளில் காட்டிய ஒரு படத்தில் பணியாற்றியவர். 1967 செப்டம்பரில் அமெரிக்காவைப் பற்றி இன்னொரு கண்காட்சிக்கான படம் எடுக்கக் குழுவோடு கிழக்குக் கென்டக்கிக்கு வந்தார். வேலை முடிந்து போகும் வழியில் லெட்சர் கவுண்டியின் ஜெரமையா என்ற இடத்தில் வாடகை வீடுகளின் வரிசை ஒன்று கண்ணில் பட்டது. ஒரு திண்ணையில் சுரங்க வேலை முடித்து வந்தவர் முகத்தில் கரிப்பொடியோடு, மடியில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். அவரிடம் அனுமதி கேட்டுத்தான் படம்பிடித்தார்கள். அவரும் சம்மதித்தார். நிலத்தின் உரிமையாளர் துப்பாக்கியோடு வந்தார், வெளியே போகச் சொன்னார். கருவிகளை எடுத்துக்கொண்டு குழு சாலைப் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போதே சுட்டார். ஓ'கானர் அங்கேயே இறந்தார்.

அவர் தொலைக்காட்சிக்காரர் இல்லை. கேலி செய்யவும் வரவில்லை. சுட்டவருக்கு அந்த வித்தியாசம் எதுவும் பொருட்டாகத் தெரியவில்லை. மூன்று நான்கு வருடங்களாக வந்துபோன எல்லாக் கேமராக்களும் சேர்ந்து ஒரே கேமராவாகத் தெரிந்தன. வழக்கு பக்கத்து ஹார்லன் கவுண்டிக்கு மாற்றப்பட்டும் முதல் விசாரணையில் ஜூரிகள் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஊரில் பலர் சுட்டவர் பக்கம் நின்றார்கள். இரண்டாம் விசாரணைக்கு முன் அவர் குறைந்த குற்றத்தை ஒப்புக்கொண்டார். பத்தாண்டுத் தண்டனை கிடைத்தது, ஓராண்டில் பரோலில் வெளியே வந்துவிட்டார்.

இந்தக் கொலைக்கு எந்த நியாயமும் இல்லை. காட்டப்பட்டதால் வந்த அவமானம் என்று சொல்லி அதைப் பூசி மெழுகுவது இறந்த மனிதருக்குச் செய்யும் அநீதி. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சுட்டவர் வீட்டு உரிமையாளர். படம்பிடிக்கச் சம்மதித்தவர் குடியிருந்த சுரங்கத் தொழிலாளி. ஊரின் மானம் என்று பேசியவர்களில் வாடகை வாங்குபவரின் குரல்தான் ஓங்கி ஒலித்தது. கிராமம் என்றால் ஒரே மனம், ஒரே குரல் என்று நினைத்துக்கொள்ளும் பழக்கம் வெளியிலிருந்து வருபவருக்கு மட்டும் உரியதில்லை.

இந்தச் சம்பவத்தை மிக நேர்மையாகக் கிளறிப் பார்த்தவர் அதே மலைப்பகுதியில் வளர்ந்த எலிசபெத் பாரெட். அவர் எடுத்த ஆவணப்படம் 2000-ல் வந்தது. இறந்தவரின் குடும்பத்தையும் சுட்டவரின் ஊராரையும் ஒரே படத்தில் பேசவைத்தார்.

கேமரா கைமாறியது

1969-ல் வைட்ஸ்பர்க்கில் ஒரு திரைப்படப் பயிற்சிப் பட்டறை தொடங்கியது. வறுமை ஒழிப்புத் திட்டப் பணத்தில், ஊர் இளைஞர்களுக்குத் தொழில் கற்றுத்தர என்று வந்தது. தொழில் கற்று அவர்கள் நகரத்து ஸ்டுடியோக்களுக்கு வேலைக்குப் போவார்கள் என்பது திட்டம். பலர் போகவில்லை. அங்கேயே இருந்து எடுக்க ஆரம்பித்தார்கள். அதுதான் ஆப்பல்ஷாப் என்ற அமைப்பாக வளர்ந்தது. பன்றி அறுப்பது, நாற்காலி பின்னுவது, பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி, சுரங்க விபத்து, மதச்சடங்கு, பாட்டு என எல்லாவற்றையும் எடுத்தார்கள். 1985-ல் டபிள்யூஎம்எம்டி என்ற சமுதாய வானொலியைத் தொடங்கினார்கள். அந்த மலைகளில் சிறைச்சாலைகள் பெருகியபோது, தூரத்து நகரங்களிலிருந்து கைதிகளின் குடும்பத்தார் சொல்லும் செய்திகளை ஒலிபரப்பும் நிகழ்ச்சி அந்த வானொலியில் வந்தது. சிறைக்குள் ரேடியோ வைத்திருப்பவர் தன் அம்மாவின் குரலைக் கேட்கலாம்.

வெளியார் எடுத்ததற்கும் இவர்கள் எடுத்ததற்கும் நான் பார்க்கும் பெரிய வித்தியாசம் நேரம். வெளியிலிருந்து வந்த குழுவிடம் இருந்தது சில நாட்கள். அதற்குள் வறுமை என்று பார்த்த மாத்திரத்தில் தெரிய வேண்டும். ஊர்க்காரர் எடுக்கும்போது ஒரு மூதாட்டி முப்பது நிமிடமும் தன் வேலையைப் பற்றி மட்டுமே பேசலாம். அவர் ஏழையா என்ற கேள்வியே எழாமல் படம் முடியலாம். இன்னொரு வித்தியாசம், படம் முடிந்ததும் எடுத்தவர் அதே கடையில் அதே மனிதரைப் பார்க்க வேண்டும். இது எல்லா நேரமும் நல்லதுதான் என்று சொல்ல மாட்டேன். பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிக் கசப்பான உண்மையைச் சொல்ல அதுவே தடையாகவும் இருக்கும்.

1971: ஊர்கள் காணாமல் போன வருடம்

ஆப்பல்ஷாப் தளிர்விட்ட நேரத்தில் தேசியத் தொலைக்காட்சியில் கிராமமே ஒழிந்தது. 1971 வசந்தத்தில் சிபிஎஸ் ‘தி பெவர்லி ஹில்பில்லீஸ்’, ‘கிரீன் ஏக்கர்ஸ்’, ஆண்டி கிரிஃபித் தொடரின் தொடர்ச்சியாக வந்த ‘மேபெரி ஆர்.எஃப்.டி.’, கிராமியப் பாட்டும் நகைச்சுவையும் கலந்த ‘ஹீ ஹா’ எல்லாவற்றையும் ஒரே வீச்சில் நிறுத்தியது. ‘பெட்டிகோட் ஜங்ஷன்’ அதற்கு முந்தைய வருடமே போய்விட்டது. இதில் ‘மேபெரி ஆர்.எஃப்.டி.’யும் ஹீ ஹாவும் அப்போதும் முதல் இருபது இடங்களுக்குள் இருந்தவை. பார்க்க ஆளில்லாமல் நின்ற தொடர்கள் இல்லை.

காரணம் விளம்பரக் கணக்கு. அதுவரை எத்தனை வீடுகளில் பார்க்கிறார்கள் என்று எண்ணினார்கள். 1960-களின் கடைசியில் யார் பார்க்கிறார்கள் என்று பிரிக்க ஆரம்பித்தார்கள்: வயது, வருமானம், நகரமா கிராமமா. நகரத்தில் வசிக்கும், சம்பாதிக்கும், 18 முதல் 49 வயதுக்காரர்தான் விளம்பரதாரருக்கு வேண்டியவர். சிபிஎஸ்ஸுக்கு நேரடியாகச் சொந்தமான நிலையங்கள் நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் போன்ற பெருநகரங்களில் இருந்தன. அங்கே கிராமத் தொடர்கள் சுமாராகத்தான் ஓடின. அப்போதைய சிபிஎஸ் தலைவர் ராபர்ட் உட் அந்த நிலையங்களை நிர்வகிக்கும் பிரிவிலிருந்து வந்தவர். நிகழ்ச்சிப் பொறுப்பில் இருந்தவர் ஃபிரெட் சில்வர்மேன். போதாததற்கு, அந்த இலையுதிர் காலத்திலிருந்து மாலை நேரத்தில் அரைமணி நேரத்தை உள்ளூர் நிலையங்களுக்கே விட்டுவிட வேண்டும் என்று ஒளிபரப்பு ஆணையம் விதி போட்டது. குறைக்க வேண்டிய கட்டாயம் வந்தபோது எதைக் குறைப்பது என்பது முன்பே முடிவாகியிருந்தது.

அந்த இடத்துக்கு வந்தவை மோசமானவை என்று யாரும் சொல்ல முடியாது. ‘ஆல் இன் தி ஃபேமிலி’ இனவெறியையும் போரையும் வீட்டுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது. கிராமத் தொடர்கள் தொடாத எல்லாவற்றையும் அது தொட்டது. அதற்காக அதைக் கொண்டாடலாம். ஆனால் அந்தக் கேள்விகள் ஒரு சிற்றூரிலும் எழும், அங்கேயும் ஒரு குடும்பம் சாப்பாட்டு மேசையில் வியட்நாமைப் பற்றிச் சண்டை போடும் என்று யாரும் நினைக்கவில்லை. கிராமத்துக்குக் கிடைத்தது கடந்தகாலம். 1972-ல் வந்து பெரும் வெற்றி பெற்ற ‘தி வால்டன்ஸ்’ வர்ஜீனியா மலையில் 1930-களில் நடக்கும் கதை. ‘ஹீ ஹா’ நாடு முழுக்க ஒளிபரப்பும் நெட்வொர்க்கை விட்டு நேரடியாக உள்ளூர் நிலையங்களுக்கு விற்கப்பட்டு மேலும் இருபது வருடம் ஓடியது. பார்ப்பவர்கள் எங்கும் போய்விடவில்லை. அவர்களை எண்ணுவதைத்தான் நிறுத்தியிருந்தார்கள்.

ஒரு தகவலை இங்கே வைக்கிறேன். 1976 மார்ச்சில் லெட்சர் கவுண்டியின் ஓவன் ஃபோர்க்கில் உள்ள ஸ்கோஷியா சுரங்கத்தில் இரண்டு நாள் இடைவெளியில் இரண்டு வெடிப்புகள். 26 பேர் இறந்தார்கள். அவர்களில் மூவர் அரசு ஆய்வாளர்கள். அடுத்த வருடம் நாடு முழுவதற்குமான சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் திருத்தி எழுதப்பட்டது. ஒரு சின்னக் கவுண்டியில் நடந்தது நாட்டின் சட்டத்தையே மாற்றிய அந்தப் பத்தாண்டில், நெட்வொர்க் தொடர்களில் அப்பலாச்சியாவின் முகம் 1930-களின் முகமாகவே இருந்தது.

2003: எதிர்ப்பு எப்படி நடந்தது

‘தி ரியல் பெவர்லி ஹில்பில்லீஸ்’ அறிவிப்பு வந்தபோது வைட்ஸ்பர்க்கில் கிராமப்புற உத்திகள் மையம் என்ற அமைப்பு இருந்தது. ஆப்பல்ஷாப்பில் பல ஆண்டுகள் தயாரிப்பாளராக இருந்த டீ டேவிஸ் அதன் தலைவர். கேமராவின் இரண்டு பக்கமும் தெரிந்தவர்.

இவர்கள் செய்ததில் மெச்ச வேண்டியது, சண்டையை எந்த இடத்தில் போட்டார்கள் என்பது. லெட்சர் கவுண்டியில் ஊர்வலம் போயிருந்தால் சிபிஎஸ் கேமராவே வந்து அதையும் வேடிக்கையாக எடுத்துப்போயிருக்கும். இவர்கள் நியூயார்க் டைம்ஸ், வாஷிங்டன் போஸ்ட் போன்ற பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தார்கள். எந்தப் பார்வையாளருக்காக அந்த நிகழ்ச்சி தயாரானதோ அவர்கள் காலையில் படிக்கும் பத்திரிகைகள் அவை. காங்கிரஸ் உறுப்பினர்கள் பலர் கடிதம் எழுதினார்கள். ஜார்ஜியா மாநிலத்து செனட்டர் ஜெல் மில்லர், மலையூரில் பிறந்தவர், செனட் அவையிலேயே எழுந்து பேசினார். சுரங்கத் தொழிலாளர் சங்கம் சேர்ந்துகொண்டது. சிபிஎஸ்ஸின் தாய் நிறுவனமான வயாகாமின் பங்குதாரர்கள் வரை விஷயம் போனது.

வாதமும் யோசித்து அமைத்த வாதம். எங்கள் மனம் புண்படுகிறது என்பதோடு நிறுத்தவில்லை. ஏழ்மையைச் சிரிப்புக்கான சரக்காக்குகிறீர்கள், வேறெந்தச் சமூகத்தை வைத்தாவது இப்படி ஒரு நிகழ்ச்சியை அறிவிக்க உங்களுக்குத் துணிவு வருமா என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு நிறுவனத்தால் நல்ல பதில் சொல்ல முடியவில்லை. நிகழ்ச்சி மெல்ல மெல்லப் பின்தள்ளப்பட்டுக் கைவிடப்பட்டது.

எதிர்வாதமும் இருந்தது, அதையும் எளிதில் ஒதுக்கக் கூடாது. ஒரு குடும்பம் விரும்பிச் சம்மதித்தால் தடுக்க நீங்கள் யார்? ஜெரமையாவின் அந்தத் திண்ணையில் எழுந்த கேள்விதான் இது. என் பதில்: சம்மதம் கொடுப்பவர் படப்பிடிப்புக்குத்தான் சம்மதிக்கிறார். எந்த நொடியை வைப்பது, எதன் பின்னால் எந்த இசையைப் போடுவது, எங்கே வெட்டுவது என்பதெல்லாம் எடிட்டிங் அறையில் அவர் இல்லாதபோது நடக்கிறது. பணத் தேவை உள்ளவரிடம் வாங்கும் சம்மதத்துக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

வெற்றிக்கும் எல்லை இருந்தது. 2003 டிசம்பரில் ஃபாக்ஸ் ‘தி சிம்பிள் லைஃப்’ நிகழ்ச்சியைத் தொடங்கியது. இரண்டு பணக்காரப் பெண்கள் ஆர்கன்சாவின் ஆல்டஸ் என்ற சிற்றூர்ப் பண்ணை வீட்டில் தங்கினார்கள். திசை மாறியது, கேலி பெரும்பாலும் அந்தப் பெண்கள் மீது விழுந்தது. ஆனாலும் ஊர் வெறும் பின்திரைதான். 2004-ல் வயாகாமின் இன்னொரு நெட்வொர்க்கான யுபிஎன் ‘ஆமிஷ் இன் தி சிட்டி’ என்ற நிகழ்ச்சியை ஒளிபரப்பியது. நவீன வசதிகளிலிருந்து ஒதுங்கி வாழும் கிறிஸ்தவச் சமூகமான ஆமிஷைச் சேர்ந்த இளைஞர்களை லாஸ் ஏஞ்சலஸில் குடிவைத்தார்கள். பழைய முறை ஆமிஷ் சமூகத்தார் வீட்டில் தொலைக்காட்சி வைப்பதில்லை. தங்களைப் பற்றிய படத்தை அவர்கள் பார்க்கவே போவதில்லை.

பிறகும் வந்தார்கள்

2009 பிப்ரவரியில் ஏபிசியின் 20/20 நிகழ்ச்சி அப்பலாச்சியக் குழந்தைகளைப் பற்றி ஒரு மணி நேரம் ஒளிபரப்பியது. வழங்கியவர் டயேன் சாயர், கென்டக்கியில் பிறந்து வளர்ந்தவர். பால் புட்டியில் குளிர்பானம், சொத்தையான பல், வலிமாத்திரைக்கு அடிமையான பெற்றோர், இதெல்லாம் அதில் இருந்தது. பொய் எதுவும் இல்லை. அந்த மலைகளிலேயே கருத்து இரண்டாகப் பிரிந்தது. மறுபடியும் எங்கள் பல்லையே காட்டுகிறார்கள் என்று ஒரு பக்கம். இப்படியாவது யாராவது கேட்கட்டும் என்று இன்னொரு பக்கம்.

நான் இரண்டாமவர்களோடு பாதி வழி போவேன். பல்வலியில் அழும் குழந்தையை மறைத்து ஊர்ப் பெருமை காக்க வேண்டியதில்லை. ஆனால் மனதில் நிற்பது அந்தப் பல் மட்டும்தான். கிராமத்துக்கு ஏன் பல் டாக்டர் வருவதில்லை, மலையைக் குடைந்து எடுத்த செல்வம் எங்கே போனது என்ற கேள்விகளை ஒரு மணி நேர உருக்கம் எப்போதும் போல முழுங்கிவிட்டது. வழங்குபவர் அந்த மாநிலத்துக்காரராக இருந்தும் அதுவே நடந்தது. ஆகவே ஆள் யார் என்பதைவிட, நெட்வொர்க்கின் பார்வையாளர் யார் என்பதற்கே வலு அதிகம்.

2022 ஜூலை 28 அன்று கிழக்குக் கென்டக்கியில் பெருவெள்ளம். 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். வைட்ஸ்பர்க்கில் ஆப்பல்ஷாப் கட்டடத்துக்குள் ஆற்று நீர் புகுந்து, ஐம்பது வருடம் சேர்த்த படச்சுருள்களும் நாடாக்களும் சேற்றில் நனைந்தன. தேசியத் தொலைக்காட்சிகள் கூரைமேல் நின்ற மனிதர்களையும் அடித்துப் போன வீடுகளையும் காட்டின. அடுத்த மாதம் பிரீத்திட் கவுண்டியின் லாஸ்ட் கிரீக் பகுதிக் குடியிருப்பாளர்கள் பலர் சேர்ந்து நீதிமன்றம் போனார்கள். மேலே மலையை வெட்டிய சுரங்க நிறுவனங்கள் மலையிலிருந்து வழியும் நீரையும் மண்ணையும் தேக்கும் தங்கள் வண்டல் குளங்களைச் சரியாகப் பராமரிக்காததால் வெள்ளம் கூடுதலாகிவிட்டது என்பது அவர்களுடைய புகார். அந்த மனு இருப்பதும் கவுண்டி நீதிமன்றக் கட்டடத்தில்தான். கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள்.